பெயர் என்னும் ஆஸ்தி

பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் திசைமாறி, 2004ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிவு கண்ட ஒரு வழக்கை, இன்று இணையத்தின் வழியே சேலையோ சாம்பார்ப் பொடியோ விற்று ஜீவனம் செய்கிற ஒவ்வொரு சிறு வியாபாரியும் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறேன். சத்யம் இன்ஃபோவே என்னும் ஸ்தாபனம், தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்றொரு புதுச்சொல்லை உண்டாக்கி, அதைக் கொண்டு 1999இல் சிஃபிநெட் முதலிய இணையப் பெயர்களைப் பதிவு செய்துகொண்டு, அதே ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றுப் பிரசித்தி அடைந்திருந்தது. 2001இல் வேறொரு கம்பெனி, ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் அதிகமாகச் சேர்த்து, காதுக்கு ஏறக்குறைய அதேபோல ஒலிக்கும் பெயரில் இணைய வியாபாரம் தொடங்கிற்று.

தங்கள் ஸ்தாபகர்கள் ஐவருடைய பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்ததே அப்பெயர் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. நகர நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் தடையுத்தரவு பிறப்பித்தது. உயர் நீதிமன்றமோ, இரு தரப்பாரின் தொழிலும் ஒன்றல்ல என்றும், தடையினால் எதிர்த்தரப்புக்கு நேரும் நஷ்டமே பெரிது என்றும் எண்ணி அத்தடையை நீக்கிவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு, இணையப் பெயர்களுக்கென்று இந்நாட்டில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், அப்பெயர் வெறும் விலாசம் மட்டுமன்று, ஒரு வியாபாரத்தை ஜனங்களுக்கு அடையாளம் காட்டும் குறியுமாகும் என்றும், ஆதலால் பிறருடைய நற்பெயரைத் தனதாகக் காட்டி வாங்குவோரை மயக்குவது கடைவீதியில் எவ்வாறு தகாததோ அவ்வாறே இணையத்திலும் தகாதது என்றும் நிலைநாட்டி, பெங்களூரு நீதிமன்றம் இட்ட தடையை மீண்டும் உயிர்ப்பித்தது.

சிக்பேட்டையிலும் அவென்யூ சாலையிலும் தலைமுறை தலைமுறையாகத் துணியும் புத்தகமும் வாங்கியவர்களுக்குக் கடைக்காரரின் முகம் தெரியும், அவர் தகப்பனாரின் நாணயமும் தெரியும். சரக்கில் குறை கண்டால் மறுநாள் போய்க் கேட்கவும் முடியும். 2007இல் இந்நகரத்தில் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியபின் வளர்ந்து பெருகிய புதிய சந்தையில், அல்சூரில் ஒரு வீட்டு மாடியில் ஊறுகாய் போடுகிற பெண்மணியின் சரக்கைக் குவஹாத்தியில் இருப்பவர் வாங்குகிறார். அவர் கண்முன்னே இருப்பவை ஒரு பெயர், ஒரு படம், முன்பு வாங்கியோர் இட்ட சில நட்சத்திரங்கள், இவ்வளவுதாம். அந்தப் பெயரை ஒருவன் திருடினால் அவளுடைய கடையையே திருடினவனாகிறான் என்பதே என் துணிபு.

அப்படியிருந்தும் நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் வாங்கியாயிற்று, கம்பெனியைப் பதிவு செய்தாயிற்று, இணையப் பெயருக்கும் பணம் கட்டியாயிற்று; ஆகையால் பெயர் இனி எனக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் வர்த்தகக் குறியின் மீது உரிமை அளிப்பதில்லை. அவ்வுரிமையைப் பதிவினால் அளிப்பது, 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் உள்ள 1999ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிகள் சட்டம், அதாவது டிரேட் மார்க் சட்டம். கர்நாடகத்து மனுக்களை ஏற்பது சென்னையில் உள்ள பதிவகம். ஆனால் மனுவை இணைய வழியாகவே அனுப்பிவிடலாம். தனிநபருக்கும் சிறு தொழில் நடத்துவோருக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஊறுகாய்க்குப் பெற்ற பதிவு சேலைக்குத் தானாகவே செல்லுபடியாகிவிடாது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். மனுச் செய்யுமுன் பதிவகத்தின் இணையதளத்தில் அதேபோன்ற பெயர் வேறு எவருக்கேனும் இருக்கிறதா என்று காசு செலவின்றித் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரப் பலகைக்கும் அச்சிட்ட பைக்கும் பணம் கொடுத்தபின் தேடுவதைவிட, அதற்கு முன்பே தேடுவது எவ்வளவோ மேல்.

இந்த வழியில் பலர் இடறுகிற ஓரிடத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனு பதிவகத்தின் சஞ்சிகையில் பிரசுரமானதும், நான்கு மாத காலத்துக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த ஆட்சேபத்தின் நகல் கையில் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் மனுதாரர் பதிலுரை தாக்கல் செய்யாவிட்டால், அவர் மனுவைக் கைவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், கடிதத்தைப் பிரிக்காமலோ, மின்னஞ்சலைப் பாராமலோ பெயரை இழப்பது எத்தனை பரிதாபம்!

பதிவு செய்யாதவர் அநாதையல்லர். நெடுங்காலம் ஒரு பெயரை ஆண்டு நற்பெயர் ஈட்டியவருடைய உரிமையைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு காக்கிறது. பிறர் பயன்படுத்துவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பிருந்தே ஒரு பெயரை இடைவிடாமல் பயன்படுத்தி வந்தவரை, பின்னால் பதிவு செய்தவர் தடுத்துவிட முடியாது என்கிறது 34ஆம் பிரிவு. ஆனால் அவர் ஒவ்வொன்றையும் சாட்சியத்தால் நிரூபிக்கவேண்டும்: முதல் பில், அச்சகத்தின் ரசீது, விளம்பரம், கணக்குப் புத்தகம். பதிவு பெற்றவருக்கோ மற்றொரு சௌகரியமும் உண்டு. 134ஆம் பிரிவின்படி, தாம் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரின் நீதிமன்றத்திலேயே அவர் வழக்குத் தொடுக்கலாம். சூரத்தில் இருப்பவன் பெயரைத் திருடினாலும் பெங்களூரிலேயே அவனை நிறுத்தலாம். பதிவில்லாதவருக்கு இப்பிரிவு இடமளிப்பதில்லை.

இணையச் சந்தையில் நடக்கும் திருட்டு பெரும்பாலும் வேறு ரூபத்தில் வருகிறது. ஒரு வியாபாரி சிரமப்பட்டுப் படமெடுத்து, விவரம் எழுதி, நல்ல மதிப்பீடுகளைச் சேர்த்து வைத்த விற்பனைப் பக்கத்தில் முன்பின் அறியாத மற்றொருவர் தாமும் விற்பனையாளர் என்று ஒட்டிக்கொண்டு, விலையைச் சற்றே குறைத்து, மட்டமான சரக்கை அனுப்பிவிடுகிறார். வசை மட்டும் முதல் வியாபாரியின் பெயருக்கு வந்து சேருகிறது. பெண்களுக்கான ஆடை விற்கும் ஒருவர் ஃபிளிப்கார்ட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், பெயருக்கு உரியவரின் சம்மதமின்றிப் பிறர் இவ்வாறு ஒட்டிக்கொள்ள இடம் தருவது ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சந்தை நடத்துவோர் தாங்கள் இடைநிலையாளர் மட்டுமே என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் கேடயமாகப் பிடிப்பது வழக்கம். ஆனால் உரிய கவனத்தோடு நடந்துகொள்பவருக்கே அந்தக் கேடயம் உதவும். 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளும், குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரைப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என்றும், பிறர் குறிகளைத் திருடி விற்றதால் சரக்கு நீக்கப்பட்ட பின்னரும் மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்யும் விற்பனையாளர்களை அடையாளம் காட்டும் பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்றும் அவர்களைக் கட்டாயப்படுத்துகின்றன.

ஆகவே, அத்தகைய திருட்டைக் கண்டவர் முதலில் செய்யவேண்டியது, அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம்பிடித்து வைத்துக்கொண்டு, கூடுமானால் அந்தச் சரக்கில் ஒன்றைப் பில்லோடு வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு பதிவுச் சான்றை இணைத்து எழுத்து மூலம் புகார் அனுப்புவது. பயன் இல்லையேல் வணிக நீதிமன்றம் உண்டு. 2018 முதல் மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள வழக்குகளே அங்கே செல்லும். அவசரத் தடையுத்தரவு வேண்டாத வழக்குகளில் முதலில் சமரசத்துக்கு முயன்றாகவேண்டும். வேண்டுமென்றே போலிக் குறியிட்டு விற்பவனுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தாமதம் தரும் நஷ்டத்தைச் சட்டம் ஈடு செய்வதில்லை: ஒருவர் நேர்மையாகப் பதிவு செய்துகொண்ட குறியை அவர் பயன்படுத்துவதைத் தெரிந்தே ஐந்தாண்டுகள் தொடர்ந்து பொறுத்திருந்தவர், பின்பு எழுந்து அதை ஆட்சேபிக்க முடியாது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பெரிய கம்பெனிகளின் வக்கீல் நோட்டீஸ் கண்டு நடுங்கி, குற்றமற்ற தம் பெயரையே துறந்துவிட்ட சிறு கடைக்காரர்கள் உண்டு. சொந்தப் பெயரை நேர்மையாக வைத்துத் தொழில் செய்வதை வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டுபவர்மீது மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுக்க 142ஆம் பிரிவு வழி செய்கிறது. நோட்டீஸைக் கிழித்தெறிவதும் கூடாது, அதைக் கண்டவுடன் பணிந்துபோவதும் கூடாது.

சில பெயர்கள் தனியொருவருக்கன்றி ஊர் முழுவதற்கும் சொந்தம். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள சன்னபட்டணத்தின் அரக்குப் பூசிய மரப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. மைசூர் பட்டும் அப்படியே. அந்தக் கைவினைஞர்கள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் தம்மைப் பதிவு செய்துகொண்டால்தான், எங்கிருந்தோ வரும் பிளாஸ்டிக் பொம்மையை அவ்வூர்ப் பெயரில் விற்பவரைத் தாமே எதிர்க்க வலுவுண்டாகும்.

இனி, வாங்குவோர். உரிய தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்தமைக்காக, 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்கும்படி ஆணையிட்டது. அமேசானில் மட்டும் அவ்வாறு விற்றவை 2,265. வெடிக்கக்கூடிய பாத்திரத்தை ஒரு வீட்டு அடுப்படிக்கு அனுப்புகிற விஷயத்தில் அபராதம் இன்னும் கனமாக இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். எனினும், நாங்கள் விற்கவில்லை, இடம்தான் கொடுத்தோம் என்ற சமாதானம் அங்கே செல்லவில்லை என்பது விசேஷம். போலிச் சரக்கோ பழுதான சரக்கோ வந்தால், முதலில் சந்தையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதவேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் இணங்காவிட்டால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். பெட்டி, அதன்மேல் ஒட்டிய சீட்டு, பில், உறையைப் பிரிக்கும்போது எடுத்த படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தவேண்டும். முறையிட இரண்டாண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வாதாடவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.