தலைத்துணியும் கறுப்புக் கயிறும்

அரபு நாட்டார் என்றதுமே தலையில் போட்ட துணியும் அதன்மேல் வளையமாக அமர்ந்த கறுப்புக் கயிறும்தான் நம் கண்முன் வருகின்றன. ஜவுளி நம்மில் பலருக்குத் தொழில் அல்ல. ஆயினும் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் இந்தச் சரக்கின் கதையில் இருப்பதால் எழுதுகிறோம்.

உருப்படிகள் மூன்று. துணி வழுக்காமல் இருக்க உள்ளே ஒரு சிறு குல்லா. அதன்மேல் முக்கோணமாக மடித்துப் போடும் சதுரத் துணி. அது பறக்காமல் இருக்க 'அகால்' என்னும் கயிறு. ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றுக்கும் அரபியில் இதே பெயர்தான். வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கயிற்றையே பாலைவனத்து மக்கள் தலையில் சுற்றிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு.

வெயிலுக்கும் புழுதிக்கும் குளிருக்கும் ஒரே துணி. பெயர்தான் இடத்துக்கு இடம் மாறும். வளைகுடாவில் வெள்ளை என்றால் குத்ரா, சிவப்புக் கட்டம் போட்டது ஷெமாக். பாலஸ்தீனத்தில் கறுப்பு வெள்ளையில் கூஃபியா. இராக்கின் கூஃபா நகரால் வந்த பெயர் என்பர். ஓமானில் கயிற்றுக்கு வேலையில்லை. அங்கே காஷ்மீர்க் கம்பளித் துணியைத் தலைப்பாகையாகக் கட்டுகிறார்கள். நம் நாட்டுச் சரக்குக்கு அவ்வளவு மதிப்பு!

பாலஸ்தீனத்தில் கூஃபியா குடியானவர் துணியாக இருந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் சிவப்புத் துருக்கிக் குல்லா அணிந்தார்கள். 1936இல் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. கூஃபியா அணிந்தவனைக் கண்டால் போராளி என்று பிடித்தார்கள். எனவே நகரத்தாரும் குல்லாவை விட்டுக் கூஃபியா போடவேண்டும் என்று 1938இல் கிளர்ச்சிக்காரர்கள் கட்டளையிட்டனர். அன்று முதல் அது அந்த மக்களின் அடையாளம். பின்னர் யாசர் அரஃபாத் தலையில் உலகமே அதைப் பார்த்தது.

இனிச் சங்கடத்துக்கு வருவோம். ஹெப்ரான் நகரில் 1961இல் யாசர் ஹிர்பாவி என்பவர் ஜப்பானியத் தறிகளை வைத்துக் கூஃபியா நெய்யத் தொடங்கினார். தறிகள் 15 வரை பெருகின. 1990களில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் சீனத்து மலிவுச் சரக்கு கடைத்தெருவில் குவிந்தது. வாங்குபவர் விலையைத்தான் கேட்டார். எங்கே நெய்தது என்று கேட்டவர் குறைவு. அவரைக் குற்றம் சொல்லவும் நமக்கு வாயில்லை. பெரும்பாலான தறிகள் நின்றன. அடையாளத் துணியே அயலூர்ச் சரக்கானது.

ஆனால் கடையைப் பூட்டவில்லை. பிள்ளைகள் தொழிலை ஏற்று, கெட்டியான நெசவைக் குறைக்காமல், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். 2018இல் பெரியவர் காலமானார். 2023இல் காஸாப் போர் மூண்டபின் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்குப் போதவில்லை.