ஆட்டுக் கிடைக்கு இரும்பு முளை: கவனம் தேவை

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டு உரமேற்றுவது உழவர்கள் தொன்றுதொட்டுக் கடைப்பிடித்து வரும் நல்ல முறையாகும். முன்பு மூங்கில் படல் கொண்டு கிடையை அடைத்தார்கள். இப்போது பல இடங்களில் நைலான் வலையும் இரும்பு முளையும் வந்துவிட்டன. வீடு கட்டியதில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை வெட்டி முளையாக அடிப்பதால் செலவு மிச்சம்தான். ஆனால் கவனக்குறைவாக இருந்தால் அதே கம்பி ஆளையும் ஆட்டையும் ஊனமாக்கிவிடும்.

முதல் ஆபத்து கம்பியின் மேல் முனையாகும். மெல்லிய கம்பி அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து வலை கட்டுபவரின் கண்ணிலும், துள்ளித் தாண்டும் ஆட்டின் வயிற்றிலும் அது குத்திவிடும். மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி உண்டு. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் இக்கிருமி எளிதில் பெருகும். துருப்பிடித்த கம்பி மட்டுமல்ல, புதுக் கம்பி குத்தினாலும் இந்த ஆபத்து உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மின்சாரம். மின்கம்பிகளுக்கு அடியில் கிடை போடக் கூடாது. மோட்டார் வயர் புதைத்துள்ள இடத்தில் முளை அடிக்கக் கூடாது. தெருநாய்க்கும் நரிக்கும் பயந்து வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றமாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் மடிந்தன. யானையையே சாய்க்கும் மின்சாரம், இரவில் தண்ணீர் கட்ட வரும் மனிதரை விட்டுவைக்காது.

மூங்கில் அல்லது சவுக்குக் கழி கிடைத்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. இரும்புதான் வேண்டுமென்றால் மேல் முனையை வளையம்போல் வளைத்துவிட வேண்டும். பின்னர் கடப்பாரையால் குழி போட்டு ஊன்றினால் சம்மட்டி அடி தேவைப்படாது. முளைதோறும் வெள்ளைத் துணி கட்டினால் இருட்டிலும் ஓரளவு தெரியும். வெறும் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பது அடையாளத்துக்கு உதவுமே தவிர, மேலே விழுபவரைக் காப்பாற்றாது.

ஊன்றிய முளைகளை எண்ணி வைத்துக்கொண்டு, கிடை மாற்றும்போது அத்தனையையும் பிடுங்கிவிட வேண்டும். மறந்துபோன ஒரு கம்பி போதும். அடுத்த உழவில் மாட்டின் காலையோ டிராக்டர் டயரையோ கிழித்துவிடும்.