கைத்தொலைபேசியில் மின் ஏறாமை: காரணமும் பரிகாரமும்

மலைநாட்டு அருவிகள் இலங்கைக்கு ஒளி தந்தவை என்பது யாவரும் அறிந்ததே. லக்சபான மின்நிலையத்தின் முதற்கட்டம் 1950 ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிற்று. டிக்கோயாவை அடுத்துக் கெகல்கமு ஓயாவை மறித்து அமைந்த காசல்ரீ நீர்த்தேக்கமும், அதன் நீரால் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965 ஆம் ஆண்டில் நிறைவெய்தின. அம்மின்னோட்டம் மலையிறங்கிக் கொழும்பு நகரை ஒளிபெறச் செய்த பின்னரும், அது பிறந்த மலையிலுள்ள தோட்ட லயன்கள் பல குப்பி விளக்கின் துணைகொண்டே நெடுங்காலம் இரவைக் கழித்தன. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. காம்பராக்களில் மின்சாரமும் உண்டு, கைத்தொலைபேசியும் உண்டு. ஆயினும், சுவர்வரை வந்த மின் கையிலுள்ள கருவியினுட் புக மறுக்கும் வேளைகளும் உள. அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது அற்ப விடயம் எனக் கருதுவோர் அண்மைக் கால நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்பாராக. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. வீட்டில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே கருவி. அஃது அணைந்தால் அன்று பிள்ளைக்குப் பாடமில்லை. 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எஞ்சிய நேரத்தில் மின்னேற்றிக் கொள்ளத் தவறியவர் மறுநாள்வரை காத்திருக்க நேர்ந்தது. வெளிநாட்டிற் பணிபுரியும் தாயின் குரலும், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனின் செய்தியும் அக்கருவியினூடாகவே வீட்டை அடைகின்றன. ஆதலின் அஃது இயங்காதபோது மனம் பதறுதல் இயல்பே. பதற்றத்திற் கடைக்கு ஓடிப் புதிய மின்னேற்றியை வாங்குவோரும், புதிய கருவியையே கடனுக்கு வாங்குவோரும் உளர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. தேவையற்ற ஒரு பொருளை வாங்குதல், நாள் முழுதும் பறித்த கொழுந்தைப் பாதையிற் கொட்டுதலை ஒக்கும்.

லயத்துப் பீலியில் நீர் வரவில்லையாயின், பீலியை இடித்துப் புதிது கட்டுவார் எவருமிலர். ஊற்றுக்கண் தொடங்கிக் குழாய் வழியே நடந்து, அடைபட்ட இடத்தைக் கண்டு, அதனை மட்டும் திருத்துவர். கைத்தொலைபேசிக்கும் இதுவே முறை. மின் வரும் பாதையிற் சுவர்க்குதை, மின்னேற்றி, வடம், கருவியின் துவாரம், கருவியை ஆளும் நிரல், மின்கலம் என ஆறு நிலைகள் உள. இவற்றை வரிசையாகச் சோதித்தல் வேண்டும். சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். மின்னேற்றியையும் வடத்தையும் ஒருங்கே மாற்றியபின் மின் ஏறுமாயின், குற்றம் எதன்பாலது என அறிதல் இயலாது. இதற்கு விலையுயர்ந்த சோதனைக் கருவி எதுவும் வேண்டா. அயல் வீட்டில் நன்கு இயங்கும் மின்னேற்றியும் வடமுமே போதியன.

முதலாவது நிலை சுவர்க்குதை. குதையில் மேசை விளக்கையோ வானொலியையோ செருகிப் பார்த்தால் அங்கு மின் உளதா என்பது புலனாகும். இலங்கையில் 13 அம்பியர்ச் சதுரமுளைச் செருகி 2017 ஆம் ஆண்டில் நாட்டின் நியமமாக ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய வட்டத்துளைக் குதைகள் இன்றும் பல வீடுகளிற் காணப்படுகின்றன. ஒருவகைக் குதையில் வேறுவகைச் செருகியைப் பொருத்துதற்கு இடையே ஒரு மாற்றுச் செருகியை வைப்பர். அது தளர்ந்திருப்பின் மின் விட்டுவிட்டு வரும்; சிறு ஓசையும் சூடும் தோன்றும். செருகியைக் கையால் அசைக்கும்போது மின் ஏறி, கையை எடுத்தவுடன் நிற்குமாயின் குற்றம் இங்கேயே உள்ளது. தளர்ந்த செருகியைக் காகிதமோ தீக்குச்சியோ வைத்து இறுக்குதல் தீவிபத்திற்கு வழிகோலும். அது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டுவது.

இரண்டாவது நிலை, வழக்கிற் சார்ஜர் எனப்படும் மின்னேற்றி. சுவரில் வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். கைத்தொலைபேசி வேண்டுவதோ தாழ்ந்த அழுத்தமுள்ள நேரோட்டம். பொதுவாக 5 வோல்ற்று. இம்மாற்றத்தைச் செய்வதே மின்னேற்றியின் தொழில். மாலை வேளையில் விளக்குகள் மங்கும்போது, மின் குறைந்தமையால் கைத்தொலைபேசியிலும் மின் ஏறவில்லை எனப் பலர் கருதுவர். ஆனால் மின்னேற்றியின் முதுகிற் பொறித்திருப்பதை உற்று நோக்கினால், 100 முதல் 240 வோல்ற்று வரையில் அஃது இயங்கும் என்பது பெரும்பாலும் காணப்படும். ஆகவே விளக்கின் மங்கலுக்கும் கைத்தொலைபேசியின் குற்றத்திற்கும் தொடர்பு இருத்தல் அரிது. மின்னேற்றிக்கு உண்மையான பகை இடிமின்னலாகும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரில், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மின்னல் மிகுதி. அக்காலத்தில் மின்கம்பி வழியே பாயும் திடீர் அழுத்தம் மின்னேற்றியினுள் உள்ள நுண்பகுதிகளை எரித்துவிடும். இடி கேட்கத் தொடங்கு முன்னரே செருகியைக் கழற்றிவிடுதல் நன்று. சுவிச்சை மட்டும் அணைத்தல் போதிய காப்பன்று.

மூன்றாவது நிலை வடம். மின் ஏறாமைக்குரிய காரணங்களுள் மிகப் பொதுவானது இதுவே; மலிவானதும் இதுவே. நாள்தோறும் மடக்கி இழுத்தலால், செருகியின் கழுத்தருகே உள்ளிருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை அறாமையால் வடம் நலமுடையது போலத் தோன்றும். ஓமின் விதியைக் கற்ற மாணவர் இதனை எளிதில் உணர்வர். இழைகள் குறையக் குறைய வடத்தின் தடை மிகுகின்றது. தடை 1 ஓம் ஆகி, 1 அம்பியர் ஓட்டம் செல்லுமாயின், வழியிலேயே 1 வோல்ற்று இழக்கப்படும். 5 வோல்ற்றாகப் புறப்பட்டது 4 வோல்ற்றாகவே கருவியை அடையும். இலித்தியம் மின்கலம் நிறைவெய்துதற்குச் சற்றேறக்குறைய 4.2 வோல்ற்று வேண்டும். ஆகவே, மின்னேறும் அடையாளம் திரையிற் காணப்படினும் மின்கலம் நிறைவதில்லை. மிக நீண்டதும் மெல்லியதுமான வடங்களும் இதே குறையை உடையன. அயலாரின் வடத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்தலே இதற்குரிய சோதனை.

மெதுவாக ஏறுதலை ஏறாமையென மயங்குதலும் உண்டு. 5,000 மில்லியம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் ஏறத்தாழ 19 உவாற்று-மணி ஆற்றலைக் கொள்ளும். 5 உவாற்று வழங்கும் பழைய மின்னேற்றி அதனை நிரப்புவதற்கு, வழியில் இழக்கப்படுவதையும் கணக்கிட்டால், 4 மணித்தியாலத்திற்கு மேலாகும். கணினியின் சாதாரண துவாரத்திலிருந்து 2.5 உவாற்று மட்டுமே கிடைக்குமாயின், அதன் இருமடங்கு நேரம் வேண்டும். அவ்வேளையிற் கருவியிற் படம் பார்த்துக் கொண்டிருந்தால், வருவதெல்லாம் செலவாகிப் போகும்.

நான்காவது நிலை, வடத்தைச் செருகும் துவாரம். சட்டைப்பையின் பஞ்சுநூலும், தேயிலைத் தூளும், வீதிப் புழுதியும் அதனுட் புகுந்து, வடம் செருகப்படுந்தோறும் அழுத்துண்டு அடியிற் படிகின்றன. நாளடைவில் வடம் முழுமையாக உட்செல்லாது சற்று வெளியே நிற்கும். வடம் உறுதியாகப் பொருந்தாது ஆடுமாயின் இதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும். கருவியை அணைத்து, நல்ல வெளிச்சத்தில் துவாரத்தை நோக்கி, உலர்ந்த மென்தூரிகையாலோ, மெல்லிய மரக்குச்சியாலோ, விளக்குமாற்றின் ஈர்க்காலோ அழுக்கை மெதுவாக வெளியே கொணரலாம். ஊசி, ஊக்கு முதலிய உலோகப் பொருள்கள் ஆகா. டைப் சி எனும் துவாரத்தில் 24 நுண்தொடுகைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று வளையினும், இரண்டு ஒன்றோடொன்று தொடினும் சிறு குற்றம் பெருங்குற்றமாய் முடியும். வாயால் ஊதுதலும் நன்றன்று. மூச்சிலுள்ள ஈரம் உட்புகும்.

ஈரத்தைப் பற்றித் தனியே கூறுதல் இன்றியமையாதது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் டிக்கோயாவில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும். கொழுந்து பறிப்போரின் உடையில் நனைந்த கருவியில் உடனே மின்னேற்றுதல், தொடுகைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். துவாரத்தில் ஈரம் இருப்பதை உணர்ந்து, நீர்த்துளி அடையாளத்தைக் காட்டி, மின்னேற்றத்தைத் தாமாகவே மறுக்கும் கருவிகளும் உள. அம்மறுப்பு கருவியின் நோயன்று, காவலாகும். துவாரத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டியபின், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் அரை மணித்தியாலமேனும் வைத்தல் வேண்டும். முற்றாக உலர ஒரு நாளும் செல்லலாம். அரிசிப் பானையுட் புதைத்தலை அப்பிள் நிறுவனமே தகாதென 2024 ஆம் ஆண்டில் அறிவுறுத்திற்று. அரிசியின் நுண்துகள் உட்சென்று கேடு விளைவிக்கும். விறகடுப்பின் அருகே வைத்து உலர்த்துதலோ அதனினும் தீது. வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பதோடு, அதனை வீங்கவும் செய்யும்.

ஐந்தாவது நிலை, கருவியை ஆளும் நிரல். சில வேளைகளில் மின் முறையாக வந்தும் நிரல் குழம்பி நின்றுவிடும். கருவியை அணைத்து மீண்டும் இயக்குதல் இதற்கு முதற்பரிகாரம். திரை உறைந்திருப்பின், பல கருவிகளில் இயக்கு பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒருங்கே 10 முதல் 20 வினாடிவரை அழுத்திப் பிடித்தால் மீண்டும் தொடங்கும். பல நாள் மின்னின்றிக் கிடந்த கருவி, மின்னேற்றியோடு இணைத்த பின்னரும் அரை மணித்தியாலம்வரை யாதொரு அடையாளமும் காட்டாதிருத்தல் கூடும். பொறுத்திருத்தலே அதற்கு மருந்து. நூற்றுக்கு 80 பங்கோடு மின்னேற்றம் நின்றுவிடுகின்றதெனக் கவலையுறுவோர், மின்கலத்தைக் காக்கும் ஏற்பாடு அமைப்புகளில் இயக்கப்பட்டுள்ளதா என நோக்குக.

ஆறாவது நிலை மின்கலம். இலித்தியம் அயன் மின்கலம் 1991 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான சோனியால் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய குடினவ், விற்றிங்காம், யொசினோ ஆகிய மூவரும் 2019 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இம்மின்கலம் உறைநிலைக்குக் கீழும் மிகுந்த சூட்டிலும் மின்னேற்றத்திற்கு ஏற்றதன்று. டிக்கோயாவின் குளிர் உறைநிலையை எட்டுவதின்மையால், குளிரின்மேற் பழி சுமத்துதல் பொருந்தாது. ஆனால் குளிருக்கஞ்சிக் கம்பளியினுள்ளே கருவியை வைத்து மின்னேற்றும்போது சூடு வெளியேற வழியின்றி, கருவி தன்னைக் காக்கவேண்டி மின்னேற்றத்தை நிறுத்திவிடும். மின்கலத்திற்கு முதுமையும் உண்டு. ஏறத்தாழ 500 முறை முழுமையாக நிரப்பிப் பயன்படுத்தியபின், பலவற்றின் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு 80 பங்காகக் குறையும். பாதி மின் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த கருவி திடீரென அணைதல் இம்முதுமையின் குறியாகும். புதிய மின்கலம் ஒன்றே இதற்குப் பரிகாரம், புதிய கருவியன்று.

ஓர் எச்சரிக்கை. கருவியின் முதுகு புடைத்தாலும், திரை மேலெழுந்தாலும், விரும்பத்தகாத மணம் வீசினாலும் சோதனை அனைத்தையும் அக்கணமே நிறுத்துதல் வேண்டும். அது வீங்கிய மின்கலத்தின் அடையாளம். அதனை அழுத்துதலும், குத்துதலும், மீண்டும் மின்னேற்றுதலும் தீயை வருவிப்பன. படுக்கையினின்றும் விறகினின்றும் அகற்றி வைத்து, அனுபவமுள்ள திருத்துநரிடம் ஒப்படைத்தலே தக்கது.

மேற்கூறிய நிலைகளையெல்லாம் சோதித்தும் குற்றம் அகலாதாயின், அப்பொழுது திருத்துங்கடையை நாடலாம். அங்கும் இச்சோதனை பயனற்றுப் போவதில்லை. ஏதோ பழுது என்று கருவியை நீட்டுபவர், கூறப்பட்ட விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவர். வேறு மின்னேற்றியாலும் வேறு வடத்தாலும் பார்த்தாயிற்று, துவாரமும் துப்புரவானது என்று கூறுபவரிடம் தேவையற்றதொன்றை விற்றல் எளிதன்று. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடுக என்று வள்ளுவர் மருத்துவனுக்கு உரைத்த நெறி, இச்சிறு கருவிக்கும் பொருந்துவதாகும். விஞ்ஞானம் என்பது ஆய்வுகூடத்தினுள் அடங்கிக் கிடப்பதன்று. ஓமின் விதியைப் பரீட்சைக்கு மட்டும் மனனஞ் செய்யாது, தன் வீட்டு வடத்திலும் அதனைக் கண்டறியும் மாணவன், தாயின் ஒருநாட் சம்பளத்தைக் காத்துக் கொடுப்பவனாவான். கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று என்பது ஒருதலை.