கடலுக்கு அடியில் ஒரு மழைக் கணக்கு

கூடையை இறக்கி வைத்த மீன்காரம்மா விலையைச் சொன்னதும் உங்களுக்குப் பகீரென்கிறது. பேரம் பேசிப் பார்க்கிறீர்கள். "கடல்லே மீனே இல்லேம்மா, நான் என்ன செய்ய?" என்று அவர் கையை விரிக்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்லும் பேச்சு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், நேயர்களே, வங்காள விரிகுடாவில் மீன்களுக்கு ஆதாரமான இரை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துபோன காலம் மெய்யாகவே இரண்டு தடவை வந்திருக்கிறது. அதற்குக் கணக்கும் இருக்கிறது. எங்கே? கடலின் அடியில், சேற்றில்!

சேறு கணக்கு எழுதுமா என்று கேட்பீர்கள். எழுதுவது சேறு அல்ல. போராமினிபெரா என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட நுண்ணுயிர்கள். மணல் பருமன்தான் இருக்கும். கடலின் மேல்மட்டத்தில் மிதந்தபடி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கின்றன. ஆயுள் முடிந்ததும் ஓடு மட்டும் கீழே போய்ப் படிகிறது. வாரப் பத்திரிகைகளை அலமாரியில் அடுக்கி வைக்கிறீர்கள் அல்லவா? அடியில் இருப்பது பழைய இதழ், மேலே இருப்பது புதியது. கடலடியிலும் அதே அடுக்குத்தான். ஆயிரக்கணக்கான வருஷங்களாக யாரும் கலைக்காத அடுக்கு.

2014 நவம்பர் கடைசியில் 'ஜாய்டஸ் ரெசொல்யூஷன்' என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, இரண்டு மாத காலம் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் வேலை செய்தது. கப்பலின் நடுவே ஒரு பெரிய கோபுரம். அதிலிருந்து குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, அடித்தரையில் செலுத்தி, ஒவ்வொரு தடவையும் சுமார் 9.5 மீட்டர் நீளத்துக்குச் சேற்றை எடுப்பார்கள். குழாயிலிருந்து புட்டு வருவதுபோல் அடுக்குக் கலையாமல் வரும். அதை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்கும் மறு பாதியைப் பாதுகாப்புக்கும் ஒதுக்குகிறார்கள். இந்து மகாசமுத்திரத்துச் சேறெல்லாம் கோச்சியில் பத்திரமாக இருக்கிறது. நம் கேரளத்துக் கொச்சி அல்ல. ஜப்பானில் ஒரு கோச்சி! கப்பல் 2024-ல் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. சேறு ஓய்வு பெறவில்லை.

அடுத்த வேலை பெண்களுக்குப் பழக்கமானது. சேற்றைச் சல்லடையில் அலசி, மிச்சத்தை உலர்த்தி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பூதக்கண்ணாடிக்குக் கீழே, ஈரமான மெல்லிய தூரிகையால். பொறுமை இல்லாதவர்கள் இந்த விஞ்ஞானத்தின் பக்கமே போகக் கூடாது!

ஓட்டிலுள்ள மக்னீஷியத்தின் அளவு, அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று காட்டும். பிராணவாயுவில் கனமான வகை, இலேசான வகை என்று உண்டு. மழை நீரிலும் ஆற்று நீரிலும் இலேசானது சற்று அதிகம். ஆகவே சூட்டின் பங்கைக் கழித்துவிட்டால், ஆறுகள் எவ்வளவு நன்னீரைக் கடலில் கொட்டின என்பது தெரியும். ரேடியோ கார்பன் வயதைச் சொல்லும். இரை நிறைந்த நீரில் மட்டும் செழிக்கும் இனங்களின் ஓடுகள் எத்தனை என்று எண்ணினால் கடலின் வளம் தெரியும்.

இப்படி 22,000 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள், அமெரிக்காவின் அரிசோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த கௌஸ்துப் திருமலையும் அவருடைய சகாக்களும். 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 17,500 முதல் 15,500 ஆண்டுகளுக்கு முன்னால், வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறைகள் திரள் திரளாக மிதந்து கரைந்த காலத்தில், நம் தென்மேற்குப் பருவமழை மிகவும் தளர்ந்தது. கடலின் வளமும் விழுந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் அடுத்ததில் இருக்கிறது. 10,500 முதல் 9,500 ஆண்டுகளுக்கு முன்னால் மழை கொட்டித் தீர்த்தது. அப்போதும் வளம் விழுந்தது!

காரணம் கேட்டால் நம் பாட்டிமார்களே சொல்லிவிடுவார்கள்: கடையாத தயிரில் வெண்ணெய் திரளாது. கடலின் சத்தெல்லாம் ஆழத்தில் கிடக்கிறது; வெயிலோ மேலே. காற்று கடலைக் கலக்கிச் சத்தை மேலே கொண்டுவந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வளரும். பாசியைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் சிறு மீன் என்று சங்கிலி நீளும். பருவக்காற்று தளர்ந்தால் மத்துப் பிடிக்க ஆளில்லை. மழை மிதமிஞ்சினாலோ, கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட இலேசானதால், மேலே ஏடுபோல் பரவி மூடிக்கொள்கிறது. கீழே இருக்கும் சத்து கீழேயே கிடக்கிறது. "மழை பெய்தால் எல்லாம் செழிக்கும்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்ன பேச்சு கடலுக்குப் பொருந்தவில்லை.

இது பழங்கதைதானே என்று ஒதுக்க முடியவில்லை. வரும் ஆண்டுகளில் கடலின் மேல்மட்டம் சூடேறும், மழையும் ஆற்று வெள்ளமும் கூடும் என்றுதான் கம்ப்யூட்டர் கணக்குகள் காட்டுகின்றன. சூடான நீரும் இலேசானது. அதுவும் மேலேயே நிற்கும். வங்காள விரிகுடா உலகக் கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உலகத்தின் மீன் விளைச்சலில் சுமார் 8 சதவீதம் இங்கிருந்து வருகிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கடல் பட்டினி கிடந்தபோது அதை நம்பிக் கடன் வாங்கிப் படகு வாங்கியவர்கள் இல்லை. இன்று நாகப்பட்டினத்திலிருந்து சிட்டகாங் வரையில் கரை முழுவதும் இருக்கிறார்கள்.