லிங்கன் கான்டினென்டல் மீள்வருகை

லிங்கன் கான்டினென்டல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம், லிங்கன் என்னும் தனது வணிகப்பெயரில் உருவாக்கிய சொகுசு மகிழுந்து ஆகும். 1939 ஆம் ஆண்டில் தோன்றிய இம்மகிழுந்தின் உற்பத்தி 2002 இல் நிறுத்தப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து 2016 இல் இப்பெயர் மீண்டும் உயிர்பெற்று, 2020 அக்டோபர் வரை நிலைத்தது. இம்மீள்வருகை மகிழுந்து ஆர்வலரிடையே பெரும் மகிழ்ச்சியையும் கடும் ஏமாற்றத்தையும் ஒருங்கே தோற்றுவித்தது. ஒரே வண்டியைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் எழுந்தமைக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தலைமை மாதிரி

ஒரு நிறுவனம் தயாரிக்கும் வண்டிகளுள் மிக உயர்ந்ததாக அந்நிறுவனமே முன்னிறுத்தும் வண்டி அதன் தலைமை மாதிரி எனப்படும். இது மிகுதியாக விற்கப்பட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் திறமை எவ்வளவு என்பதைக் காட்டுவதே இதன் முதன்மைப் பணியாகும். இதனால் கிடைக்கும் மதிப்பு, அந்நிறுவனத்தின் விலை குறைந்த வண்டிகளுக்கும் பயன்படுகிறது. ஆகவே ஆர்வலர்கள் ஒரு தலைமை மாதிரியைப் பிற வண்டிகளை அளக்கும் அளவுகோலால் அளப்பதில்லை. கொடுத்த விலைக்குத் தகுமா என்பதுடன், தாங்கிய பெயருக்குத் தகுமா என்றும் கேட்கின்றனர்.

பெயரின் பின்னணி

நிறுவனர் ஹென்றி ஃபோர்டின் மகனான எட்செல் ஃபோர்ட், தமது சொந்தப் பயன்பாட்டிற்காக ஐரோப்பியப் பாணியில் ஒரு வண்டியை உருவாக்குமாறு வடிவமைப்பாளர் பாப் கிரெகோரியிடம் கேட்டுக்கொண்டார். லிங்கன் செஃபிர் வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1939 இல் அது உருவாக்கப்பட்டது. ஃபுளோரிடாவில் அவ்வண்டியைக் கண்டோர் தமக்கும் அதுபோன்று வேண்டும் எனக் கேட்டதால், அது விற்பனைக்கான உற்பத்திக்குச் சென்றது. ஆக, கான்டினென்டல் பிறந்ததே ஆர்வலரின் எதிர்வினையால்தான் எனலாம்.

1956 மாதிரி ஆண்டு வண்டியாக வெளிவந்த கான்டினென்டல் மார்க் 2, ஏறத்தாழ 10,000 டாலர் விலையில், அக்காலத்து அமெரிக்க வண்டிகளுள் மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்றாக விளங்கியது. எனினும் பலரது நினைவில் நிலைத்திருப்பது எல்வுட் எங்கல் வடிவமைத்த 1961 ஆம் ஆண்டின் மாதிரியே. முந்தைய மாதிரியைவிட ஏறத்தாழ 15 அங்குலம் நீளம் குறைந்த இவ்வண்டி, அலங்காரம் குறைந்த நேரிய பக்கங்களைக் கொண்டிருந்தது. இதன் பின்கதவுகளின் கீல்கள் பின்புறம் அமைந்திருந்ததால், முன்கதவும் பின்கதவும் அலமாரிக் கதவுகளைப் போல எதிரெதிர்த் திசையில் திறந்தன. 1963 நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சுடப்பட்டபோது பயணம் செய்ததும் இவ்வகை வண்டியின் மாற்றியமைக்கப்பட்ட வடிவிலேயே ஆகும். அவ்வண்டி மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பிற்காலக் கான்டினென்டல்கள் இப்புகழை எட்டவில்லை. 1988 முதல் இவ்வண்டி, ஃபோர்டின் நடுத்தர வண்டியான டாரசுடன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட முன்சக்கர இயக்க வண்டியாக மாறியது. 2002 இல் எதிரெதிர்க் கதவுகளுடன் ஒரு கான்டினென்டல் முன்மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டபோதும் அது உற்பத்திக்கு வரவில்லை. அவ்வாண்டிலேயே பெயரும் நிறுத்தப்பட்டது.

2015 முன்மாதிரி

2015 மார்ச் இறுதியில், நியூயார்க் மகிழுந்துக் கண்காட்சியை ஒட்டிப் புதிய கான்டினென்டல் முன்மாதிரி வெளியிடப்பட்டது. அதனை ஆர்வலர் பலர் வரவேற்றதற்கு முதற்காரணம் அதன் பெயரே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் லிங்கன் தன் வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு எம்கேசட், எம்கேஎக்ஸ், எம்கேஎஸ் என எழுத்துக் கோவைகளையே பெயர்களாகச் சூட்டியது. எது எந்த வண்டி என வாங்குவோரே குழம்பும் நிலை இருந்தது. வரலாறு உடைய ஒரு பெயர் திரும்பியதை, நிறுவனம் தன்னைத் தானே மீண்டும் கண்டுகொண்டதற்கான அறிகுறியாகப் பலர் கருதினர். இதன்பின் ஏவியேட்டர் என்னும் பழைய பெயரும், நாட்டிலசு, கோர்செயர் ஆகிய சொற்பெயர்களும் வந்தமை இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

வடிவம் குறித்து உடனடியாகவே சர்ச்சை எழுந்தது. இம்முன்மாதிரி பென்ட்லி நிறுவனத்தின் ஃபிளையிங் இசுபர் வண்டியை ஒத்திருப்பதாக, அப்போது பென்ட்லியின் வடிவமைப்புத் தலைவராக இருந்த லூக் டாங்கர்வோல்கே வெளிப்படையாகக் கண்டித்தார். ஆர்வலர் இரு அணியாயினர். ஒரு சாரார், தனக்கெனச் சிறந்த மரபு உள்ள லிங்கன் பிரித்தானிய வண்டியைப் பார்த்து வரைவது ஏன் என வினவினர். மறு சாரார், நீண்ட உடலும் அகன்ற முகப்பும் கொண்ட பெரிய சொகுசு வண்டிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பு என்றனர்.

விற்பனைக்கு வந்த வண்டி

உற்பத்தி வடிவம் 2016 சனவரியில் டெட்ராயிட் கண்காட்சியில் வெளியிடப்பட்டு, 2017 மாதிரி ஆண்டு வண்டியாக விற்பனைக்கு வந்தது. மிச்சிகனின் ஃபிளாட் ராக் ஆலையில், மசுடாங் வண்டியுடன் இது தயாரிக்கப்பட்டது. 3.7 லிட்டர், 2.7 லிட்டர் இரட்டைச் சுழலூட்டி, 3.0 லிட்டர் இரட்டைச் சுழலூட்டி என மூன்று ஆறு-உருளைப் பொறிகள் வழங்கப்பட்டன. இவற்றுள் கடைசிப் பொறி 400 குதிரைத்திறனை வெளிப்படுத்தியது. விலை ஏறத்தாழ 45,000 டாலரில் தொடங்கி, எல்லா வசதிகளையும் சேர்த்தால் 70,000 டாலரைக் கடந்தது.

முன்சக்கர இயக்கம் பற்றிய விவாதம்

ஆர்வலரின் ஏமாற்றத்திற்கு மூலகாரணம், வண்டியின் அடித்தளம் ஃபோர்ட் ஃபியூசன் வண்டியின் அடித்தளத்தை நீட்டித்து அமைக்கப்பட்டதாகும். இது முன்சக்கர இயக்கத்திற்கான அடித்தளம். இத்தகைய வண்டியில் பொறி குறுக்குவாட்டில் பொருத்தப்படுகிறது. இதனால் முன்சக்கரம் முன்கதவை நெருங்கி அமைய, சக்கரத்திற்கு முன்னுள்ள மூக்குப் பகுதி நீண்டுவிடுகிறது. பின்சக்கர இயக்க வண்டியிலோ பொறி நெடுக்குவாட்டில் அமைவதால், முன்சக்கரத்தை முன்னே தள்ளி வைக்க முடிகிறது. சக்கரத்திற்கும் கதவிற்கும் இடைப்பட்ட அந்த நீளத்தையே ஆர்வலர்கள் உயர்வகை வண்டியின் அடையாளமாகக் காண்கின்றனர். மெர்சிடிசு-பென்சின் எசு வகுப்பும் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையும் இவ்வமைப்பு உடையவை.

மிகுந்த ஆற்றலை முன்சக்கரங்களுக்கு மட்டும் செலுத்தினால், முடுக்கும்போது திசைமாற்றி ஒரு பக்கம் இழுபடக்கூடும். 400 குதிரைத்திறன் பொறி நான்கு சக்கர இயக்கத்துடன் மட்டுமே வழங்கப்பட்டது. போட்டி வண்டிகள் எட்டு வேகப் பற்சக்கரப் பெட்டியைக் கொண்டிருக்க, இதில் ஆறு வேகப் பெட்டியே இருந்ததும் எட்டு-உருளைப் பொறி இல்லாததும் குறைகளாகச் சுட்டப்பட்டன.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பொது அடித்தளத்தைப் பயன்படுத்தியதாலேயே செலவு குறைந்து, கான்டினென்டல் திரும்பி வர முடிந்தது. அதே 2015 நியூயார்க் கண்காட்சியில் வெளியான கேடிலாக் சிடி6, புதிய பின்சக்கர இயக்க அடித்தளத்தில் உருவானது. ஆர்வலர் கேட்ட அமைப்பு அதில் இருந்தும் அது பெருவெற்றி பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் 2020 தொடக்கத்தில் முடிவுற்றது.

பாராட்டுகள்

வண்டியைப் பயணியாக மதிப்பிட்டோர் வேறு தீர்ப்பு வழங்கினர். 30 வகையில் சரிசெய்யத்தக்க முன்னிருக்கைகளில் வலத் தொடைக்கும் இடத் தொடைக்கும் தனித்தனித் தாங்கிகள் இருந்தன. ஒலி தடுக்கும் கண்ணாடிகளும், சாலைக்கு ஏற்ப மாறும் அதிர்வுத் தாங்கிகளும் அமைதியான பயணத்தைத் தந்தன. கதவின் கைப்பிடி சன்னலின் கீழுள்ள பளபளப்பான பட்டையிலேயே பொதிந்திருந்தது. மெல்லத் தொட்டால் மின்விசைத் தாழ்ப்பாள் கதவை விடுவித்தது. பின்னிருக்கை வசதிகளுக்கு அளிக்கப்பட்ட முதன்மையில், லிங்கன் 2014 இல் நுழைந்த சீனச் சந்தையின் தாக்கம் தெரிந்தது. அங்கு இத்தகைய வண்டிகளின் உரிமையாளர் பின்னால் அமர்ந்து செல்வது வழக்கம்.

செருமானிய வண்டிகளைப் போல வளைவுகளில் விரைவதை நோக்காமல், அமைதியையே நோக்காகக் கொண்டமை அமெரிக்க மரபுக்கு உண்மையானது என இவர்கள் வாதிட்டனர்.

எதிரெதிர்க் கதவுகள்

பின்புறக் கீல் உடைய கதவு ஓட்டத்தில் தற்செயலாகத் திறந்தால், காற்று அதனை மேலும் அகலத் திறந்துவிடும். இருக்கைப் பட்டைகள் இல்லாத காலத்தில் இவ்வகைக் கதவுக்குத் 'தற்கொலைக் கதவு' என்னும் பெயர் ஏற்பட்டது. ஆபத்தைக் குறிக்கும் பெயராயினும், கான்டினென்டல் ஆர்வலர் அதனைப் பெருமையாகவே வழங்கினர். 2017 மாதிரியில் இக்கதவுகள் இல்லாதது அவர்களது மாறாக் குறையாக இருந்தது.

2018 திசம்பரில் லிங்கன் இதற்கு விடையளித்தது. பெயரின் 80 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, எதிரெதிர்க் கதவுகளுடன் 80 வண்டிகள் அறிவிக்கப்பட்டன. மாசச்சூசெட்சில் உள்ள கேபட் நிறுவனம் இவற்றை 6 அங்குலம் நீட்டித்து அமைத்தது. விலை 1,00,000 டாலரைக் கடந்தபோதும் அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆண்டிற்கு மேலும் 150 வரை அறிவிக்கப்பட்டன. தொடக்கத்திலேயே இவ்வாறு செய்திருக்க வேண்டும் என்பது ஆர்வலரிடையே பரவலாக எழுந்த கருத்தாகும்.

விற்பனையும் முடிவும்

ஐக்கிய அமெரிக்காவில் 2017 இல் ஏறத்தாழ 12,000 கான்டினென்டல்கள் விற்கப்பட்டன. 2018 இல் இவ்வெண்ணிக்கை 9,000 ஐ விடக் குறைந்தது. 2019 இல் ஏறத்தாழ 6,600 ஆகச் சரிந்தது. அக்காலத்தில் வாங்குவோர் உயரமான பயன்பாட்டு வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தனர். மசுடாங் தவிர்த்த மகிழுந்துகளை வட அமெரிக்காவில் படிப்படியாகக் கைவிடப்போவதாக ஃபோர்ட் 2018 ஏப்ரலில் அறிவித்தது. 2020 இல் எம்கேசட், கான்டினென்டல் ஆகிய இரண்டும் நிறுத்தப்பட்டபின், ஐக்கிய அமெரிக்காவில் லிங்கனின் புதிய வண்டிகள் அனைத்தும் உயரமான பயன்பாட்டு வண்டிகளாகவே அமைந்தன.

இவ்வண்டியைக் குறைகூறியோரும் பாராட்டியோரும் பெரும்பாலும் ஒரே உண்மைகளையே சுட்டினர். வேறுபட்டது அவர்கள் நின்ற இடமே. முன்னவர் 1961 ஆம் ஆண்டின் வண்டியை நினைவில் வைத்து வெளியிலிருந்து நோக்கினர். பின்னவர் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தனர். பழம்பெயர் ஒன்றை மீட்டெடுக்கும் நிறுவனம் இவ்விரு சாராரையும் நிறைவு செய்ய வேண்டியுள்ளது. எதிரெதிர்க் கதவுகள் கொண்ட சிறு எண்ணிக்கையிலான வண்டிகள் இதற்கு நெருங்கி வந்தன. ஆனால் அவை வந்தபோது உற்பத்தி நிறைவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தது.