மழையும் முன்கண்ணாடியும்

தமிழ்நாட்டில் மழைக்கென்று ஒரு காலம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஐப்பசி பிறந்தால் அடைமழை. அதற்கு முன்பே, புரட்டாசியில், ஓடு மாற்றுவோர் ஓடு மாற்றுவர், குடை தைப்போர் குடை தைப்பர். வண்டி வைத்திருப்போர் முன்கண்ணாடி வைப்பரையும் ஒரு முறை பார்த்துக்கொள்வர். கொல்கத்தாவுக்குக் குடிவந்த பின்னும் இவ்வழக்கம் நம்மை விட்டு எளிதில் நீங்குவதில்லை. ஆனால் இங்குள்ள மழை நமது பஞ்சாங்கத்தை மதிப்பதில்லை. சித்திரை, வைகாசி மாலைகளிலேயே வடமேற்கில் கருமேகம் திரண்டு, கால்பைசாகி என்னும் புயற்காற்று மழையோடு வந்து மோதுகிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் முடியும் வரை ஓய்வில்லை. ஆகவே வைப்பரைச் சோதிக்கப் புரட்டாசி வரை காத்திருப்பவர், மழைக்காலத்தின் பெரும்பகுதியைக் கண் தெரியாமலே கடந்திருப்பார்.

கிடர்பூரில் இது சிறு குறை அன்று. 1892-இல் திறக்கப்பட்ட கப்பல் துறையைச் சுற்றியமைந்த குறுகிய சாலைகளில், பெட்டகம் சுமந்த நீண்ட லாரிகளுக்கு முன்னால் கைவண்டி இழுப்போரும், மிதிவண்டியில் செல்வோரும், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளரும் செல்கின்றனர். வண்டி ஓட்டுபவர் நனையாமல் உள்ளே அமர்ந்திருக்கிறார். அவர் பார்வையில் படாதவர் வெளியே நனைந்தவாறு நடக்கிறார். எதிர்வரும் வண்டியின் விளக்கொளி ஈரக்கண்ணாடியில் சிதறும்போது, வைப்பர் விட்டுச்சென்ற ஒரு கோட்டுக்குள் ஒரு மனிதர் முழுவதுமாக மறைந்துபோக இடமுண்டு.

வைப்பர் தோன்றிய கதையும் இத்தகைய கவலையிலிருந்து எழுந்ததே. அமெரிக்க நாட்டில் மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயார்க் நகரில் பனி கலந்த மழையினிடையே டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியதைக் கண்டார். உள்ளிருந்தே கைப்பிடியால் அசைக்கும் துடைப்பான் ஒன்றுக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார். இன்று கைப்பிடியின் இடத்தில் மின்மோட்டார் இருக்கிறது. ஆனால் துடைப்பது அன்றும் இன்றும் ஒரு மெல்லிய ரப்பர் விளிம்புதான். இதனை நாம் மறந்துவிடுகிறோம். பழுதென்றவுடன் மோட்டாரின் மீது பழி போடுகிறோம்.

துறைமுக வாசலில் வரிசையில் நின்ற லாரி ஒன்றில் இதனைக் கண்டோம். வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. மோட்டார் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் கூறிவிட்டார். ஓட்டுநர் சேலத்துப் பக்கத்தவர். வங்காளியும் அறியார், இந்தியும் அரைகுறை. கேட்ட தொகையைக் கொடுக்கத் தயாராகிவிட்டார். ஓடும் வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொன்னோம். அப்போதும் அவை மந்தமாகவே ஆடின. எனவே தவறு ரப்பரிலோ கண்ணாடியிலோ இல்லை. பிறகு மோட்டாரிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றிக் கையால் அசைத்தால், அசையவே மறுத்தது. கைகளைத் தாங்கும் தண்டு, தன் புஷ்ஷுக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. துருவைத் தேய்த்துக் கிரீஸ் இட்டதும் அதே பழைய மோட்டார் ஒழுங்காக ஓடிற்று. கம்பி இலகுவாக அசைந்திருந்தால்தான் மோட்டாரையும், அதற்கு வரும் மின்சாரத்தையும், எர்த் இணைப்பையும் ஐயுற வேண்டும். அங்கும் மோட்டாருக்கு முன் எர்த்தைப் பாருங்கள். இவ்வூர் ஈரக்காற்றில் அந்தத் திருகின் அடியில் துரு படிவது சாதாரணம்.

தூக்கிப் பிடித்தபோது கைகள் விரைந்து ஆடினால் குறை கண்ணாடியின் மேல்தான். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த ரப்பர் இறுகி, விளிம்பு பிளந்திருக்கும். கண்ணாடியில் டீசல் புகையும் சாலைத் தூசியும் சேர்ந்த எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். முதல் மழையில் இரண்டும் கூடிக் கண்ணாடியைப் பால்போல் வெளுக்கச் செய்கின்றன. சோப்பு நீரால் கண்ணாடியை நன்கு கழுவி, ஈரத்துணியால் ரப்பர் விளிம்பை வழித்துத் துடைத்துப் பார்க்கவும். கோடுகள் அதே இடத்தில் தொடர்ந்தால் பிளேடை மாற்றுவதே வழி. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். தூசி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவதும் கூடாது. அதனால் விழும் கீறலைப் புதிய பிளேடு போக்காது.

துடைக்கும்போது கடகடவென்று துள்ளினால், கை சற்றே முறுகியிருக்கலாம். திசை மாறும்போது ரப்பர் விளிம்பு மறுபுறம் சாய வேண்டும்; கை முறுகியிருப்பின் ஒரு பக்கம் சாயாமல் குத்தி நிற்கும். குறடால் மெல்லத் திருப்பி நேராக்கலாம். மோட்டார் ஒலி கேட்டும் கை அசையாவிடின், கையை இறுக்கும் நட்டு தளர்ந்திருக்கும். அல்லது இணைப்புக் கம்பியின் மூட்டு கழன்றிருக்கும். சுவிட்சை அணைத்ததும் கை அடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நிற்குமாயின், மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தத் தொடுவாய்களில் அழுக்கோ தேய்வோ இருக்கலாம். இதனை அறிந்தவரிடம் விடுவதே நலம்.

ஒலியும் அசைவும் இல்லையெனில் ஃபியூஸைப் பாருங்கள். அது எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று கேளுங்கள். இறுகிய தண்டை இழுத்துத் திணறிய மோட்டாரே பெரும்பாலும் காரணம். ஃபியூஸ் இருந்த இடத்தில் தாமிரக் கம்பியைச் செருகுவோரைக் கண்டிருக்கிறோம். அவர்கள் வைப்பரைக் காப்பதாக எண்ணி, வண்டியின் கம்பிகள் அனைத்தையும் தீக்கு ஒப்படைக்கின்றனர்.

வழியில் மழை பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் பக்கத்து ரப்பர் மட்டும் கிழிந்துபோனால், இரு பிளேடுகளும் ஒரே நீளமாயின் இடப்பக்கத்ததை வலப்பக்கம் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். இரண்டும் நின்றுவிட்டால் ஓரமாக ஒதுங்கி விளக்கைப் போட்டு நில்லுங்கள். கால்பைசாகி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.