மெய்நிகர் தனி வழங்கி

மெய்நிகர் தனி வழங்கி என்பது ஒரு பெரிய வழங்கிக் கணினியின் வளங்களை மென்பொருள் மூலம் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனிக் கணினி போல இயங்கச் செய்து வாடகைக்கு விடும் சேவையாகும். வாடகைக்கு எடுப்பவர் தாம் விரும்பும் இயங்குதளத்தையும் மென்பொருட்களையும் அதில் நிறுவிக்கொள்ளலாம். முகப்பு, பின்புல நிரல், தரவுத்தளம் ஆகிய மூன்றும் கொண்ட முழு வலைச் செயலியை எழுதிப் பழகும் மாணவர்கள், அதனைக் குறைந்த செலவில் இணையத்தில் இயக்குவதற்கு இது பரவலாகப் பயன்படுகிறது.

வரலாறு

ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972 இல் வெளியிட்ட வி.எம்/370 இயங்குதளம் இதனைச் செய்தது. 2003 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் மென்பொருளும், 2007 இல் லினக்ஸ் கருவுடன் இணைக்கப்பட்ட கே.வி.எம். தொழில்நுட்பமும் சாதாரண வழங்கிகளிலும் இதனை எளிதாக்கின. இவை கட்டற்ற மென்பொருட்களாதலால் வாடகை குறைந்தது. 2013 இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 512 மெகாபைட் நினைவகம் கொண்ட வழங்கியை மாதம் 5 அமெரிக்க டாலருக்கு அளித்தது.

பிற வழிகள்

கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் நிலையான பக்கங்களை இலவசமாக வெளியிடுகின்றன. ஆயினும் பின்புல நிரலோ தரவுத்தளமோ அவற்றில் இயங்காது. பகிர்வு வழங்கிகள் மலிவானவை. அவற்றுட் பல பி.எச்.பி., மைசீக்குவல் ஆகியவற்றுக்கென அமைந்தவை. தொடர்ந்து இயங்கவேண்டிய நிரல்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை.

மூன்றாவது வகை, நிரலை மட்டும் அனுப்பினால் மற்றவற்றைத் தானே கவனித்துக்கொள்ளும் தளச் சேவையாகும். 2007 இல் தொடங்கப்பட்ட ஹெரோக்கு இவ்வகையில் மாணவர்களிடையே புகழ்பெற்றிருந்தது. 2022 நவம்பரில் அதன் இலவசத் திட்டங்கள் நிறுத்தப்பட்டன. இலவசத் தரவுத்தளங்களும் அவற்றுடன் முடிவுக்கு வந்தன. தரவுகளின் நகலைத் தம்மிடம் வைத்திருந்தோர் செயலியை வேறிடத்துக்கு எளிதில் மாற்ற முடிந்தது.

நிறுவும் முறை

புதிய வழங்கியில் முதலில் செய்யவேண்டியது பாதுகாப்பு அமைப்பாகும். இணையத்தில் இணைந்த எந்த வழங்கியிலும் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் விரைவில் வந்து தட்டும். எனவே எஸ்.எஸ்.எச். திறவுகோல் கொண்டு மட்டும் நுழையுமாறு செய்து, 22, 80, 443 ஆகிய துறைகள் தவிர மற்றவற்றைத் தீயரண் கொண்டு மூடுவது வழக்கம்.

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை எஞ்சின்எக்ஸ் போன்ற வலை வழங்கி மென்பொருள் பெற்று, உள்ளே வேறொரு துறையில் இயங்கும் பின்புல நிரலுக்கு அனுப்புகிறது. தரவுத்தளம் அதே கணினியிலுள்ள நிரல்களுக்கு மட்டுமே விடையளிக்க வேண்டும். நிரல் நின்றுபோனால் மீண்டும் தொடங்கும் பொறுப்பு சிஸ்டம்டி போன்ற மேலாண்மை மென்பொருளிடம் விடப்படுகிறது. மறையாக்கத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்குகிறது. அது குறுகிய காலமே செல்லுமாதலால் தானே புதுப்பிக்குமாறு அமைக்கப்படுகிறது.

சிக்கல்கள்

சிறிய வழங்கிகளில் முதலில் தீர்வது நினைவகமே. முகப்பு நிரலைத் தொகுக்கும் பணிக்கு அதனை இயக்குவதைவிடக் கூடுதல் நினைவகம் தேவைப்படும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கரு ஏதேனும் ஒரு செயலை நிறுத்திவிடும். அது தரவுத்தளமாகவும் இருக்கலாம். தம் கணினியிலேயே தொகுத்து விளைவை மட்டும் அனுப்புவதும், வட்டில் இடமாற்று வெளி ஒதுக்குவதும் இதற்குத் தீர்வுகளாகும்.

பல நிறுவனங்களில் வழங்கியை அணைத்து வைத்தாலும் கட்டணம் தொடரும். வட்டும் முகவரியும் ஒதுக்கப்பட்டே இருப்பது இதற்குக் காரணம். வழங்கியை நீக்கினால்தான் கட்டணம் நிற்கும். நீக்கினால் தரவும் அழியும். ஆகவே தரவுத்தளத்தின் காப்புநகலை நாள்தோறும் எடுத்து வேறிடத்தில் சேமிப்பதும், அந்நகலிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என ஒருமுறையேனும் சோதிப்பதும் இன்றியமையாதன. மீட்டுப் பார்க்காத நகல், தேவைப்படும் நாளில் பயன்படும் என்பதற்கு உறுதியில்லை.

தளச் சேவை தானே செய்யும் இப்பணிகளை இங்கு பயனரே செய்யவேண்டியுள்ளது. இதனால் வேலை கூடினும், இங்கு கற்ற முறைகளைக் கொண்டு செயலியை வேறொரு நிறுவனத்தின் வழங்கிக்கு மாற்றுவது எளிதாகிறது.